பாறையா, கொன்ராடா

எங்கள் பக்கத்துச் சங்கங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட்டம் நடக்கும்போது எழுந்து கழிப்பறைக்குப் போகக் கூடாது. போனவன் திரும்பி வருவதற்குள் அவனை எதற்காவது தேர்ந்தெடுத்துவிடுவார்கள். இது தெரிந்தும், மூன்று குவளை பியருக்குப் பிறகு நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஊரின் எழுநூறாவது ஆண்டு விழாவுக்கு 'கீழ டூரன்பாக்: புவியியல், வரலாறு, காண வேண்டிய இடங்கள்' என்று ஒரு புத்தகம் வரப்போகிறது, அதை எழுதப்போகிறவன் நான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் டைல்ஸ் போடுகிறவன். குளியலறை, சமையலறை, கசாப்புக்கடைச் சுவர் என்று நூல் பிடித்து ஒட்டிக் கொடுத்துப் பிழைத்தவன். ஆனால் பேச்சில் குறைச்சல் கிடையாது. ஊரைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் எழுதவும் எழுதுவான் என்று நினைத்துவிட்டார்கள். ஊர்ப்பற்றில் கொன்ராட் லுன்ஸை மிஞ்ச ஆள் இல்லை என்று நானே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொல்லாததால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

புவியியல் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓர் ஓடை. ஓடைக்குப் பெயர் இருக்கிறது, தண்ணீர் இல்லை. சுற்றிலும் கெண்டை மீன் குளங்கள். வரலாறு அதைவிடச் சின்னது. நானூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். பிறகு எதிரி யாரும் வராமலேயே இரண்டு தடவை தானாக எரிந்தது. அதற்குப் பிறகு தீயணைப்புச் சங்கம் ஆரம்பித்தோம். அன்றிலிருந்து தீ பிடித்ததே இல்லை, சங்கத்துக்குத் தாகம் மட்டும் தீரவில்லை. ஆக மொத்தம் மூன்று பக்கம்.

மூன்றாவது அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். காண வேண்டிய இடம் என்று எங்கள் ஊரில் எதைக் காட்டுவது? ஊருக்கே பெருமை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பழைய லிண்டன் மரத்தில் இடி விழுந்து வெட்டியாகிவிட்டது. மஞ்சள் தொலைபேசிக் கூண்டு இருக்கிறது; தொலைபேசியைக் கழற்றிவிட்டு, யாரும் படிக்காத புத்தகங்களை அடுக்கியிருக்கிறோம். ரோஸ்விதா நடத்தும் 'தங்கக் கெண்டை' மதுக்கடை இருக்கிறது. அதை எழுதலாம் என்றால், அது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று ரோஸ்விதாவுக்கே தெரியவில்லை. நடைபயணக்காரர்கள் யாரும் எங்கள் ஊர் வழியாகப் போவதில்லை. எல்லோரும் மேலே போகிறார்கள், பாறையைப் பார்க்க.

மேலே என்றால் மேல டூரன்பாக். ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில். நாங்கள் கீழூர், அவர்கள் மேலூர். அவர்களிடம் எல்லாம் இருக்கிறது: தலையில் வெங்காயம் கவிழ்த்த மாதிரிக் கோபுரம் வைத்த தேவாலயம், ரொட்டிக்கடை, அதோடு பாதிரிப் பாறை. தொப்பையும் தொங்கிய தலையுமாக, சொந்தப் பிரசங்கத்தைக் கேட்டே தூங்கிப்போன பாதிரியார் மாதிரி நிற்கிற மணற்கல் அது. இரண்டு ஊருக்கும் இடையே எல்லைக்கல் ஒன்று பாறைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதனால் பாறை அவர்களுடையது. அஞ்சலட்டையில் போட்டார்கள், பியர் குவளைக்கு அடியில் வைக்கிற அட்டையில் போட்டார்கள், கடைசியில் தீயணைப்பு வண்டிக் கதவிலும் வரைந்துகொண்டார்கள். அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த எரிச்சல் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் மகள் யூடித் மேலூர்க்காரன் டில்மனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து 'தங்கக் கெண்டை'யில் உட்கார்ந்திருந்தேன். பையன் நல்ல பையன்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுவே எனக்குக் கோபம். குறை ஒன்றும் கிடைக்காததால் ஊரைப் பிடித்துக்கொண்டேன். மேசையில் ஓங்கி அடித்து, "பாதிரிப் பாறை கீழூருக்கு வர்ற வரைக்கும் மேலூர் மண்ணை மிதிக்க மாட்டேன்!" என்று சபதம் போட்டேன். ஊர்க்காரர்கள் மட்டும் உட்காருகிற எங்கள் வாடிக்கை மேசையில் சொன்ன சொல் தேவாலயத்தில் சொன்னதைவிடக் கெட்டி. ரோஸ்விதா மறுவாரமே அதைப் பலகையில் செதுக்கி, என் நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டாள். எடுத்துவிடு என்று கேட்க வெட்கமாக இருந்தது.

கல்யாணப் பதிவு மாவட்டத் தலைநகரில் நடந்ததால் தப்பித்தேன். அதன் பிறகு ஐந்து வருஷம். யூடித்தும் டில்மனும் மேலூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து குடியேறினார்கள். என் மனைவி ஹெட்விக் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு முறை போய் வருவாள். அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். யூடித் ஞாயிறுதோறும் கேக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்கள் வீடு கீழூரின் கடைசி வீடு, மேலூரைப் பார்த்தபடி இருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து அந்த வெங்காயக் கோபுரம் தெரியாமல் இருக்க வேலிச்செடி வளர்த்து வைத்திருந்தேன்.

இந்த வசந்தத்தில் யூடித்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஃப்ரீடா என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஞாயிறு குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு யூடித் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"செப்டம்பர் முதல் ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்பா. மேலூர் தேவாலயத்துல. வருவீங்கள்ல?"

"பாறை வந்தா நானும் வர்றேன்."

"பாறைக்குக் காலு இல்லப்பா. உங்களுக்கு இருக்கு."

"காலு இருக்கு," என்றாள் ஹெட்விக், காபியை ஊற்றியபடி. "அதுக்கு மேலதான் ஒண்ணும் இல்ல."

யூடித் சிரிக்கவில்லை. "இதுக்கும் வரலைன்னா நான் இனிமே கேக்கவே மாட்டேன்பா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் மடியில் அந்தச் சின்னது என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் போனால் பலகை சிரிக்கும், ரோஸ்விதா சிரிப்பாள், மேசையே சிரிக்கும். மகளுக்குப் பயப்படாமல் ஒரு மேசைக்குப் பயந்தேன். அப்படிப்பட்ட வீரன் நான்.

அடுத்த வாரம் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போனோம். பாறை நம்முடையது இல்லையென்றாலும், 'கீழூரிலிருந்து தெரியும் பாறை' என்றாவது ஒரு பக்கத்தை நிரப்பலாமே. நான் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் கேமராவோடு நின்றேன். பாறையின் உயரம் தெரிவதற்காக ஹெட்விக்கை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். வெளிச்சம் சரியில்லை, மேகம் போகட்டும் என்று அவளை வெகுநேரம் நிற்கவைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் பாறைக்குப் பின்னால் போய் முட்புதரை விலக்கி எதன் மேலோ உட்கார்ந்தாள்.

"கொன்ராட், இங்க ஒரு கல்லு இருக்குய்யா. பாதி உடைஞ்சு போச்சு. மேல சிலுவை மாதிரி வெட்டிருக்கு."

"சிலுவையா? எல்லைக்கல்லு மாதிரியா?"

"நான் என்னத்தக் கண்டேன், வந்து பாரு!"

"நான் எப்படி வர்றது!"

அவள் அங்கிருந்து கத்த, நான் இங்கிருந்து கத்த, கல்லின் நீள அகலம் எல்லாம் கேட்டறிந்தேன். எங்கள் பக்கத்து எல்லைக்கல் ஒவ்வொன்றின் தலையிலும் அப்படித்தான் சிலுவை வெட்டியிருக்கும். பாறைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல் எப்படி வரும்? அதுதான் உண்மையான எல்லையாக இருந்தால் பாறை எங்களுடையது. மேலூர்க்காரப் பயல்கள் எந்தக் காலத்திலோ இந்தப் பக்கம் ஒரு கல்லை நட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்துக்கு அத்தியாயம், ஊருக்குப் பாறை, எனக்கு மானத்தோடு மேலூர் போய்ப் பேத்தியின் தலையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிற வழி. ஒரே கல்லில் மூன்று மாங்காய். ஹெட்விக்கைக் கட்டிப்பிடிக்கலாம் என்று தோன்றியது, அவளோ அந்நிய மண்ணில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நில அளவைக்காரர்கள் எல்லாக் கல்லையும் சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் எல்லைக்கு ஓர் இளம்பெண் வந்தாள், முக்காலியும் கருவியுமாக. இரண்டு ஊர்க்காரர்களும் குளத்தங்கரையில் கூடினோம். எங்கள் எல்லையைப் புரிந்துகொள்வது சுலபம். மேட்டில் பாறைப் பக்கத்தில் ஒரு கல், நடுவில் குளத்தங்கரையில் ஒரு கல். மூன்றாவது கல் கீழே ஓடையோரம் இருந்தது. ரோடு போட்டபோது காணாமல் போய்விட்டது. அதனால் மேலே உள்ள இரண்டு கல்லையும் இணைத்து அப்படியே நேராகக் கீழே நீட்டினால் அதுதான் எல்லை என்று இரண்டு ஊரும் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தன.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று அளவைப் பெண் கேட்டாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். உடைந்த கல்லைப் பற்றிச் சொன்னேன். ஸ்வீடன்காரர்களிலிருந்து ஆரம்பித்துச் சொன்னதால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

மேலூர்த் தலைவி இர்ம்கார்ட் பெருமூச்சு விட்டாள். பன்றிப்பண்ணை வைத்திருப்பவள், எதற்கும் அசராதவள். "கொன்ராட், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிப்பியா?"

"எது நிஜக் கல்லுன்னு எழுவர் தோண்டிப் பாக்கட்டும்!" என்றேன்.

எழுவர் என்றால் எல்லைக்கல்லுக்காகச் சத்தியம் செய்து கொடுத்த ஏழு பேர். கல் நடும்போது அடியில் ஓர் அடையாளத்தைப் புதைப்பார்கள். அது என்ன, எப்படி வைப்பது என்பது அந்த ஏழு பேருக்கு மட்டும்தான் தெரியும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். கல்லை யார் நகர்த்தினாலும் அடியில் இருப்பதை நகர்த்தத் தெரியாது. எழுவரின் தலைவர் கிலியான், குளம் குத்தகை எடுத்துக் கெண்டை வளர்க்கிறவர். மீனோடு பழகிப் பழகி அவரும் பேசுவதை விட்டுவிட்டார்.

"தோண்டலாம்," என்றார் கிலியான். "ஆனா தோண்டுனா தோண்டுனதுதான். அப்புறம் கண்ணைக் கசக்கக் கூடாது."

"நான் ஏன் கசக்கப்போறேன்?"

எழுவரும் மண்வெட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள். கூடவே ஏறிய மற்றவர்கள் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் திரும்பி நின்றேன். கீழே பள்ளத்தில் எங்கள் ஊர் தெரிந்தது, ஊரின் கடைசியில் என் வீட்டுச் சிவப்பு ஓடு தெரிந்தது. பின்னால் மண்வெட்டிச் சத்தம். என் வீட்டைப் பார்த்துக்கொண்டே, பாறை வந்ததும் விழாவில் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'அன்பார்ந்த கீழூர் மக்களே' என்று ஆரம்பிப்பதாக உத்தேசம்.

"திரும்பலாம்," என்றார் கிலியான். பாறைக்கு இந்தப் பக்கமிருந்த கல்லை மண்வெட்டியால் காட்டினார். "இதுக்கடியில வெறும் மண்ணு." பிறகு புதரைக் காட்டினார். "அதுக்கடியில இருக்கு. அதுதான் கல்லு."

நான் கத்தினேன். அறுபத்து மூன்று வயதுக் கிழவன் கத்துகிற கத்தலா அது என்று ஹெட்விக் பிறகு கேட்டாள். எல்லையைத் தாண்டி ஓடிப்போய்ப் பாதிரிப் பாறையின் தொப்பையைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். ரோஸ்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் நடைபயணக்காரர்கள் அவள் கடையில் கெண்டை வறுவல் சாப்பிடுவார்கள். யூடித் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலூர்க்காரர்கள் நடுவில் நின்றாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் சந்தோஷப்பட்ட நேரம் அதுதான். ஒரு கால்மணி நேரம் இருந்திருக்கும்.

"சார், கொஞ்சம் இருங்க," என்றாள் அளவைப் பெண். "கோடு இன்னும் முடியல."

அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக் கல்லுக்குப் போனாள். புதருக்குள் இருந்த கல்லைப் பார்த்தாள், அப்படியே திரும்பிக் கீழே பள்ளத்தைப் பார்த்தாள். எனக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. நடுவில் பிடித்த குச்சியின் மேல்முனையை அந்தப் பக்கம் தள்ளினால் கீழ்முனை எந்தப் பக்கம் வரும்? ஆயுள் முழுக்க நூல் பிடித்துச் சோறு தின்றவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அன்று மட்டும் தோன்றவில்லை.

"கீழ ஒரு வீடு இருக்கே," என்றாள் அவள், கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல். "செவப்பு ஓடு. பக்கத்துல முயல் கூண்டு. அது யாரு வீடு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் பாறையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"வீடு மேலூருக்குப் போகுது," என்றாள். "முயல் கூண்டு கீழூர்லயே இருக்கு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையைக் கேட்டிருக்கிறேன். பூதம் என் படுக்கையறையில் வந்து படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் பிறந்தது அந்த வீட்டில். மேலூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட மறுநாள் காலை, மேலூர் மண்ணில் எழுந்து, மேலூர் மண்ணில் பல் தேய்த்து, மேலூர் மண்ணில் வேலிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஐந்து வருஷமாக நான் வைராக்கியத்தைக் காத்த இடம் முயல் கூண்டு ஒன்றுதான்.

முதலில் சிரித்தது இர்ம்கார்ட். பிறகு மேடே சிரித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். கெட்டவள் இல்லை.

"இங்க பாரு கொன்ராட். குழியை மூடிடலாம். எழுவர் வாயைத் திறக்க மாட்டாங்க, எனக்கும் ஞாபக மறதி ஜாஸ்தி. இந்தப் பொண்ணு பழைய கல்லையே எழுதிட்டுப் போகட்டும். பாறை எங்களோட இருக்கட்டும், நீ அவங்களோட இரு. உண்மையச் சொல்லணும்னா எங்களுக்கு அதுதான் லாபம்."

"ரெண்டு ஊரும் சம்மதிச்சாச் சரி," என்றாள் அளவைப் பெண். "நாளைக்குள்ள சொல்லுங்க."

அன்று சாயங்காலம் 'தங்கக் கெண்டை'யில் ஊர்க்கூட்டம். எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், கண்ணை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தீயணைப்புச் சங்கத்துக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

"கொன்ராட் நம்ம ஆளுப்பா. வருஷாவருஷம் விழாவுல முன்னாடி நிக்கிறவன்."

"பேசுறவன்னு சொல்லு."

"அவன் வரி கட்டுறான். பாறை வரி கட்டுமா?"

"கட்டாதுதான். ஆனா பாறை பேசாதே."

மேசை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? ரோஸ்விதா மட்டும் சிரிக்காமல் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் நேராச் சொல்லிடறேன் கொன்ராட்," என்றாள். "பாறை இல்லாட்டி இந்தக் குளிர்காலத்தோட கடையை மூடப்போறேன். அப்புறம் நீ நம்ம ஊர்லயே இருந்தாலும் உக்கார இடம் இருக்காது."

வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் கை தூக்குவோம். பாறை வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு கை, பத்து கை, பிறகு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எனக்கும் ஒரு கருங்கல்லுக்கும் தேர்தல் வைத்தார்கள். கருங்கல்கூட இல்லை, மணற்கல். அது ஜெயித்தது.

"நீ இன்னும் தூக்கலையே," என்றார் மூலையிலிருந்து கிலியான். கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அப்போது மட்டும்தான். "இன்னைக்கு வரைக்கும் உனக்கு இங்க ஓட்டு இருக்கு."

வேண்டாம், மூடிவிடுங்கள், நான் கீழூர்க்காரனாகவே சாகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் கையை இறக்கியிருக்கக்கூடும். ஆனால் குழியை மூடினால் சபதம் அப்படியே இருக்கும். யூடித் இனிமேல் கேட்க மாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், என் ரத்தம். எனக்குப் பேத்தி வேண்டும், மகள் வேண்டும். அதை வாயால் சொல்லி எழுந்து மேட்டுக்கு நடந்திருந்தால் எல்லைக்கல்லும் வேண்டாம், எழுவரும் வேண்டாம். சொல்லத் துப்பில்லாமல் கையைத் தூக்கினேன், பாறைக்கு.

ரோஸ்விதா பலகையைக் கழற்றினாள். எங்கள் மேசை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்பதால், என் குவளையை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்தாள், வெளியூர்க்காரர்கள் உட்காருகிற இடத்தில். பாதி விளையாட்டுக்குத்தான் செய்தாள். நானும் பாதி விளையாட்டாகப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மேசை அப்படியொன்றும் பெரியதில்லை.

மறுநாள் காலை இர்ம்கார்ட் ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து வாசலில் நின்றாள். ஊருக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு அதைக் கொடுப்பது வழக்கம். "எங்க ஊரு உங்களுக்குப் பிடிக்கும்னு நம்புறேன்," என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஹெட்விக் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மேலூரில் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்டாள். வியாழன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது; எத்தனையோ வருஷமாக வியாழக்கிழமை வண்டிக்கு ஆசைப்பட்டிருக்கிறாள், என்னிடம் சொன்னதே இல்லை. புத்தகத்தையும் முடித்துக் கொடுத்தேன். மூன்றாவது அத்தியாயம் பாறையால் நிறைந்தது. பின்னட்டையில் 'ஆசிரியர் மேல டூரன்பாக்கில் வசிக்கிறார்' என்று அச்சகத்தார் போட்டுவிட்டார்கள். பிழை என்று சொல்ல வழியில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு, கறுப்பு சூட்டை மாட்டிக்கொண்டு ஹெட்விக்கோடு மேலூருக்கு ஏறினேன். தெருவில் ஒவ்வொருவரும் தொப்பியைத் தூக்கி, "வாங்க, நம்மூர்க்காரரே!" என்றார்கள். வாங்கிக்கட்டிக்கொண்டேன், வேண்டியதுதான். தேவாலயத்தில் தண்ணீர் பட்டதும் ஃப்ரீடா வீறிட்டாள். அப்படியே தாத்தா குரல் என்று டில்மன் என் காதோடு சொன்னான். யூடித் என்னைப் பார்த்தாள். வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்க."

"பாறை வந்துருச்சுல்ல."

"நீங்க வர்றதுக்குப் பாறை நகரணும்னீங்க. நகந்துச்சு. அப்புறம் ஊரே நகர வேண்டியதாப் போச்சு," என்றாள். "நீங்க மட்டும் கடைசி வரைக்கும் நகரலப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

விருந்து அவர்கள் வீட்டில். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசற்படியை ஏறினேன். நல்ல வீடு. கூடத்தில் மரத்தளம், டில்மன் இழைத்துப் போட்டது. சமையலறை வாசலுக்கு வந்ததும் தொழில் புத்தி, கண் தரைக்குப் போயிற்று. சாம்பல் நிற டைல்ஸ். வாசலில் ஒழுங்காக ஆரம்பித்த வரிசை அடுப்புப் பக்கம் போவதற்குள் சரிந்து, சுவரோரம் முக்கோணமாகத் துண்டு வெட்டிச் சொருகியிருந்தது. இடைவெளி ஓரிடத்தில் விரல் நுழையும், இன்னோரிடத்தில் இல்லவே இல்லை. நடுவில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது.

"எந்த மடையன் போட்ட டைல்ஸ் இது?" என்று கேட்டேன்.

டில்மன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஹெட்விக் என்னைப் பார்த்தாள், பிறகு காபிக் கெண்டியைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான்தான்பா," என்றாள் யூடித்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். "இவரு ஆள் கூப்பிடலாம்னாரு. எங்கப்பாவே டைல்ஸ் போடுறவரு, வேற ஆளு எதுக்கு, வந்துடுவாருன்னு சொன்னேன். ஒரு வருஷம் வெறும் சிமெண்டுத் தரையிலயே இருந்தோம். அப்புறம் குளிரு தாங்கல. சின்னதுல உங்ககூட வந்து பாத்தது ஞாபகம் இருந்துச்சு, நானே போட்டுட்டேன்."

அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில்தான் ரோஸ்விதா கடைக் கழிப்பறைக்கு இனாமாக டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன். முட்டி போட்டு, தூக்கிக்கொண்டிருந்த டைலைக் கையால் அழுத்திப் பார்த்தேன், அது உட்காரவில்லை.

"நாளைக்கே எல்லாத்தையும் பேத்துட்டு வேற போட்டுத் தர்றேன்மா," என்றேன். "ஒரே நாள் வேலை."

"வேண்டாம்பா."

"கோணலா இருக்கும்மா."

"தெரியும். பழகிருச்சு." குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க, காபி ஆறுது."

உட்கார்ந்தேன். மேடும் பள்ளமுமான தரையில் நாற்காலி ஒரு பக்கமாக ஆடியது. அறுபத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒரு கோணலைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்தேன்.